பிளவக்கல் மண்ணில் உருளுமா அந்தச் சக்கரம்?

வத்திராயிருப்பிலிருந்து கூமாபட்டி வழியாகப் பிளவக்கல் அணைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மலையைப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறார்கள். ஒருமுறை தரையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் தோப்புக்குள் நுழையும் மண்பாதை. மழைக்காலத்தில் சேறு, கோடையில் கணுக்கால் புதையும் புழுதி. குறுக்கே வாய்க்கால் வந்தால் அதன்மேல் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒரு கல்பலகை. வீட்டு வாசலில் இரண்டு படி, நிலைப்படி ஒன்று, பின்கட்டுக்கு இறங்க இன்னொரு படி.

இந்தத் தரையில் ஒரு சாதாரண மடக்கு வீல்சேரை வைத்துப் பாருங்கள். முகாம்களில் கொடுப்பார்களே, இரும்புக் குழாயும் ரெக்ஸின் இருக்கையும் உள்ள அதே வண்டி. முன்பக்கம் இருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். மண்ணுக்கு வந்ததும் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். உட்கார்ந்திருப்பவர் கையால் தள்ளத் தள்ளப் பின்சக்கரம் சுற்றும், வண்டி நகராது. யாராவது பின்னால் வந்து தள்ள வேண்டும். வண்டி வந்த பிறகும் அடுத்தவர் கையை எதிர்பார்த்துத்தான் வாசலுக்கு வர முடியும் என்றால், அந்த வண்டி எதற்கு?

தென்னையும் மாவும் நெல்லும்தான் இந்தப் பக்கத்துப் பிழைப்பு. தேங்காய் வெட்ட மரம் ஏறுகிறவர்களுக்குக் கயிறும் கால்தளையும் பழக்கமும்தான் பாதுகாப்பு. மட்டை ஒன்று கையோடு வந்துவிட்டாலோ, ஈரத்தில் கால் வழுக்கிவிட்டாலோ, நாற்பது ஐம்பது அடி உயரத்திலிருந்து விழுகிறார்கள். உயிர் தப்பியவர்களில் சிலருக்கு முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விடுகிறது. முப்பது வயதில், கைகளில் முழு பலத்தோடு, காலை அசைக்க முடியாமல் வீட்டுக்குத் திரும்பும் ஓர் ஆணை நினைத்துப் பாருங்கள். கிழக்கே சிவகாசி. பட்டாசு விபத்துகளில் விரல்களையும் கைகளையும் இழந்தவர்கள், தீக்காயத்தில் தோல் சுருங்கி மூட்டு மடங்காமல் போனவர்கள் அங்கே இருக்கிறார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இளம்பிள்ளை வாதம் தாக்கிய தலைமுறை இன்று ஐம்பதைத் தொட்டு, காலைத் தாங்கும் காலிப்பரோடும் கட்டையோடும் நடக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம். அதன் பிறகு 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் வந்து, ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இருபத்தொன்றாக விரிந்துவிட்டன. ஆகவே அந்தக் கணக்கும் இன்றைக்குப் பழையது.

ஒரே அச்சில் வார்த்த கருவி இத்தனை விதமான உடம்புகளுக்கும் எப்படிப் பொருந்தும்? ரவிக்கை தைப்பதற்கே நாடாவை எடுத்துத் தோளையும் மார்பையும் அளக்கிறோம். வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டிய ஒரு நாற்காலியை மட்டும் அளக்காமல் கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறோம்.

இரண்டு அங்குலத்தில் என்ன இருக்கிறது?

வீல்சேரின் இருக்கை, உட்காருகிறவரின் இடுப்பைவிட இரண்டு அங்குலம் கூடுதல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்குத் தாராளமாகத் தெரியும். உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த பக்கத்துப் புட்டத்து எலும்பில் மொத்தப் பாரமும் இறங்கும். உணர்ச்சி இருப்பவர் என்றால் வலித்ததும் நகர்ந்து உட்கார்வார். முதுகுத்தண்டு முறிந்தவருக்கு அந்த வலி தெரியாது. பாரம் அழுந்திய இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, தோல் சிவந்து, பிறகு கறுத்து, உள்ளே எலும்புவரை புண்ணாகிவிடும். இதற்குப் பெயர் அழுத்தப்புண். முதுகுத்தண்டு அடிபட்டவர்களை விபத்துக்குப் பிறகும் துரத்திக் கொல்வது பெரும்பாலும் இந்தப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். அதனால்தான் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கச் சொல்கிறார்கள். கைப்பிடி சரியான உயரத்தில் இல்லாவிட்டால் அப்படித் தூக்கவும் முடியாது.

கால்வைக்கும் தட்டு உயரமாக இருந்தால் முழங்கால் மேலே எழும்பித் தொடையின் பாரமும் புட்டத்துக்கே போகும். தாழ்வாக இருந்தால் கால் தொங்கும், உடம்பு முன்னால் வழுக்கும். பின்சக்கரம் தோளுக்கு நேராக இல்லாமல் பின்தள்ளி இருந்தால், தள்ளித் தள்ளித் தோள்மூட்டு தேய்ந்துபோகும். கால் போனவருக்குத் தோளும் போனால் என்ன மிச்சம்? இடுப்பகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து குதிகால்வரை, உட்கார்ந்த நிலையில் முழங்கை உயரம் என்று ஓர் அளவு நாடாவும் பத்து நிமிடமும் இருந்தால் போதும். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல்தான் பல பேர் புண்ணோடு கிடக்கிறார்கள்.

அடுத்தது வீடு. பின்பக்கக் கழிப்பறைக் கதவு பல வீடுகளில் இரண்டரை அடிகூட இருக்காது. கதவுச் சட்டம் போக உள்ளே கிடைப்பது இன்னும் குறைவு. வண்டியின் மொத்த அகலம் அதைவிட ஓர் அங்குலம் கூடிவிட்டால் அந்த மனிதர் வண்டியை விட்டிறங்கித் தரையில் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். அல்லது மனைவியோ தாயோ தூக்கிக்கொண்டு போக வேண்டும். வளர்ந்த மனிதனின் மானம் அந்த ஓர் அங்குலத்தில் அடிபடுகிறது.

நம்மவர்கள் முன்பே காட்டிய வழி

உடம்பையும் மண்ணையும் பார்த்துக் கருவி செய்வது நமக்குப் புதிது என்று யாரும் எண்ண வேண்டாம். ஜெய்ப்பூர் காலின் கதையே இதற்குச் சாட்சி.

மேல்நாட்டில் செய்த செயற்கைக் கால், ஷூ போட்டு நடப்பதற்கானது. குந்தி உட்கார முடியாது, சம்மணம் போட முடியாது, வெறுங்காலோடு வயலில் இறங்க முடியாது. ஈரம் பட்டால் கெட்டுப்போகும். ராஜஸ்தானத்து விவசாயி அதை வாங்கிக்கொண்டு போய் மூலையில் வைத்துவிட்டுப் பழையபடி கட்டையை ஊன்றினார். ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவராக இருந்த பி.கே.சேத்திக்கு இது உறுத்தியது. அதே மருத்துவமனையில் கைவினை கற்பித்துக்கொண்டிருந்தார் ராமச்சந்திர சர்மா. நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், பரம்பரைச் சிற்பி. பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனபோது, லாரி டயருக்கு ரப்பர் வார்ப்பதைப் பார்த்து அவருக்குப் பொறி தட்டியது என்று சொல்வார்கள். பாதத்தின் உள்ளே மரமும் ஸ்பாஞ்சு ரப்பரும், வெளியே தோல் நிறத்தில் வல்கனைஸ் செய்த ரப்பர். 1968ஆம் ஆண்டு வாக்கில் உருவான அந்தப் பாதம் சேற்றில் நடந்தது, குந்தியது, மரம்கூட ஏறியது. 1975இல் டி.ஆர்.மேத்தா தொடங்கிய அமைப்பு அதைப் பல லட்சம் பேருக்கு இலவசமாகக் கொண்டு சேர்த்தது. போர்க்காலத்தில் கண்ணிவெடியிலும் ஷெல்லடியிலும் காலை இழந்த ஈழத்தமிழர்களுக்கு யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனம் அங்கேயே பட்டறை வைத்துக் கால் செய்து கொடுத்தது. சாலை மூடி, மின்சாரம் நின்ற ஊரிலும் அந்தத் தொழில்நுட்பம் பிழைத்ததற்குக் காரணம், அது கையால் செய்யக்கூடியதாக இருந்ததுதான்.

ஒரு மருத்துவரும் ஒரு சிற்பியும் சேர்ந்து செய்தது அது. பட்டம் பெற்றவரும் தொழில் தெரிந்தவரும் ஒரே மேசையில் சமமாக உட்கார்ந்தால்தான் இந்த வேலை நடக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

வேலூருக்கு வாருங்கள். 1946இல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் நோயால் அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்றுப் போனதால் அடிபட்டு அடிபட்டு அழிகின்றன என்று நிறுவினார். செருப்பில் ஆணி ஏறினாலும் தெரியாது. அன்று முழுக்க அதே ஆணிமேல் நடப்பார்கள். ஆகவே பாதம் முழுவதும் பாரத்தைப் பரப்பும் மென்மையான ரப்பர் அடித்தட்டு, ஆணியே இல்லாமல் ஒட்டித் தைத்த வார். இன்றும் அரசு சுகாதார நிலையங்களில் கொடுக்கப்படும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததுதான். ஒரு செருப்பு எத்தனை கால்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

அதே வேலூரில் மேரி வர்கீஸ். 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் மருத்துவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறையைக் கட்டி எழுப்பினார். தன் உடம்பால் அறிந்ததைத் துறையாக்கியவர் அவர்.

அப்துல் கலாமின் காலிப்பர் கதை தமிழ்நாட்டில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஹைதராபாத் நிஜாம் மருத்துவமனைக் குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தார். ஏவுகணைக்காகச் செய்த இலேசான கலப்புப் பொருளைக் கொண்டு மூன்றே வாரத்தில் 300 கிராம் காலிப்பர் செய்து மாட்டினார்கள். குழந்தைகள் ஓடினார்கள், பெற்றோர் அழுதார்கள். தம் வாழ்வின் மிகப் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்றாக அதைக் கலாம் கடைசிவரை சொல்லிவந்தார். ராக்கெட்டுக்கு ஒதுக்கும் அறிவில் ஒரு துளி குழந்தையின் காலுக்கு ஒதுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மலையோரத்தில் ஓர் ஆய்க்குடி

ராஜபாளையத்திலிருந்து தென்காசி சாலையில் சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் என்று மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே போனால் ஆய்க்குடி வரும். பிளவக்கல்லுக்கு இருக்கும் அதே மலை, அதே மண். 1975இல் கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் சென்ற அந்த ஊர் பொறியியல் மாணவர் எஸ்.ராமகிருஷ்ணன், தேர்வின்போது உயரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். ராணுவ மருத்துவமனையில் அவரைக் கவனித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஆரம்பம் ஒரு கூரைக் கொட்டகை, ஒரு சில குழந்தைகள். 1992இல் தசைச்சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் சங்கரராமன் வந்து சேர்ந்தார். இரண்டு சக்கர நாற்காலிகளிலிருந்து நடத்தப்பட்ட அந்த நிறுவனம் இன்று குழந்தைகளுக்கான சிகிச்சை, பள்ளி, தொழிற்பயிற்சி, முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் என்று விரிந்து நிற்கிறது. 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ.

விருது பெரிய விஷயம்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அங்கே நடைமுறை வாழ்க்கை கற்பிக்கப்படுவது: கட்டிலிலிருந்து வண்டிக்கு எப்படி மாறுவது, புண் வராமல் எப்படி உட்காருவது, வீட்டில் எதை மாற்றி அமைக்க வேண்டும் என்பதெல்லாம். மரத்திலிருந்து விழுந்தவருக்கு அறுவை சிகிச்சை முடிந்து, தையல் பிரித்து, ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று சொன்ன பிறகு தொடங்குகிறதே ஒரு வாழ்க்கை, அதற்கு வழிகாட்ட ஆள் வேண்டும். அந்த ஆளே வண்டியில் உட்கார்ந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி நம்பிக்கை தருகிறது.

கிண்டியிலிருந்து வந்த முழங்கால்

சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரவியல் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு, கருவி மேம்பாட்டு மையம் நான் மேலே கேட்ட கேள்விகளைப் பொறியியலாக எடுத்துக்கொண்ட இடம். 2019 நவம்பரில் ‘அரைஸ்’ என்ற நிற்கும் சக்கர நாற்காலி வந்தது. மோட்டார் கிடையாது. உட்கார்ந்திருப்பவர் தம் கைபலத்தாலேயே வண்டியோடு எழுந்து நிற்கலாம், நிதானமாகத் திரும்ப உட்காரலாம். சென்னை பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் அதைத் தயாரித்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் ரத்த ஓட்டம், எலும்பு, குடல், சிறுநீரகம் எல்லாமே கெடும். நின்றால் அவற்றுக்கு நல்லது. இன்னொன்றும் இருக்கிறது: நின்றால் எதிரே நிற்பவரின் கண்ணுக்கு நேராகப் பேசலாம், கடையில் மேல்தட்டிலிருந்து பொருள் எடுத்துக் கொடுக்கலாம்.

2021இல் அங்கிருந்தே பிறந்த நியோமோஷன் நிறுவனம் நியோஃபிளை, நியோபோல்ட் இரண்டையும் கொண்டுவந்தது. நியோஃபிளை வண்டியைப் பதினெட்டு வகையில் உடம்புக்கு ஏற்ப மாற்றலாம். நியோபோல்ட் என்பது அதன் முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார்ச் சக்கரம். மாட்டினால் வீல்சேரே மூன்று சக்கர ஸ்கூட்டர் ஆகிவிடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம். ஒரு சார்ஜில் ஏறக்குறைய அதே தூரம். மோட்டார்ச் சக்கரம் பெரியதாக இருப்பதால் குட்டிச் சக்கரம் மண்ணில் புதையும் தொல்லை இல்லை. கூமாபட்டியிலிருந்து வத்திராயிருப்புச் சந்தைக்குப் போய்வர அந்தச் சார்ஜ் தாராளம். விலைதான் தொண்டையில் சிக்குகிறது: வெளியானபோது வண்டி 39,900 ரூபாய், மோட்டார் 55,000 ரூபாய். இறக்குமதி வண்டிகளின் விலையோடு பார்த்தால் குறைவு. தேங்காய் வெட்டும் கூலியோடு பார்த்தால் மலை.

2022இல் ‘கடம்’ செயற்கை முழங்கால். முழங்காலுக்குமேல் காலை இழந்தவர்களுக்கு அதுவரை மலிவாகக் கிடைத்தது ஒற்றை அச்சில் கதவுக் கீல்போல் மடங்குகிற முழங்கால். ஊன்றும்போது மடங்கிவிடுமோ என்ற பயத்தில் இடுப்பைத் தூக்கிக் காலை வளைத்து வீசி நடப்பார்கள். கடத்தில் அச்சுகள் பல. ஊன்றும்போது உறுதியாக நிற்கும். தூக்கும்போது மடங்கி, பாத நுனி தரையில் இடறாமல் காக்கும். 160 பாகைவரை மடங்குவதால் பேருந்து இருக்கைக்கும் ஷேர் ஆட்டோவின் நெருக்கத்துக்கும் சரிப்படும். முப்பது லட்சம் முறை பாரம் ஏற்றி இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். பெங்களூரின் மொபிலிட்டி இந்தியா அமைப்பும் இதில் பங்காளி.

கால் கை மட்டும்தானா? பேச்சும் கருவியில் பிறக்கும். சென்னை வித்யாசாகர் நிறுவனத்தில் பயிலும் மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கு எண்ணம் தெளிவாக இருக்கும், வாய் ஒத்துழைக்காது. ஐ.ஐ.டி. மாணவராயிருந்த அஜித் நாராயணன் அவர்களோடு பழகி உருவாக்கியதுதான் ‘ஆவாஸ்’. குழந்தை தன்னால் எந்த உறுப்பை அசைக்க முடியுமோ அதைக்கொண்டு படத்தையோ சொல்லையோ தேர்ந்தெடுத்தால், கருவி குரலாகச் சொல்லும். தமிழிலும் சொல்லும். பசிக்கிறது என்பதைவிட, ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று முதன்முதலாகச் சொல்ல முடிகிற நாள் ஒரு குழந்தைக்கு எத்தனை பெரிய நாள்!

லேத் பட்டறை எதற்குக் காத்திருக்கிறது?

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் சொன்ன கணக்கு: உலகில் 250 கோடிப் பேருக்கு ஏதாவதொரு துணைக்கருவி தேவை, அதில் 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. எல்லோருக்கும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அனுப்பி முடியாது. அனுப்பினாலும் பழுதானால் யார் பார்ப்பது?

இதற்கு விடையை மெக்சிகோவின் மலைக்கிராமம் ஒன்று எண்பதுகளிலேயே சொல்லிவிட்டது. அஹோயா என்ற ஊரில் சுகாதாரப் பணியாளர் டேவிட் வெர்னரோடு சேர்ந்து ஊனமுற்ற கிராமத்தார் சிலர் ஒரு பட்டறை வைத்தார்கள். சக்கர நாற்காலி, காலிப்பர், செயற்கைக் கால் எல்லாம் அவர்களே செய்தார்கள். வெல்டு வைத்தவர் வீல்சேரில் உட்கார்ந்திருந்தார். அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் ஹாட்ச்கிஸ் 1966இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர். ஏழை நாடுகளில் சுற்றி, உள்ளூர் சைக்கிள் கடையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே கட்டக்கூடிய கரடுமுரடு வண்டியை வடிவமைத்தார். முன்சக்கரத்தை அகலமாக்கினார், முன்னுக்கும் பின்னுக்கும் இடைவெளியைக் கூட்டினார். கல்லில் இடித்தாலும் முகம் குப்புற விழாது. மண்ணிலும் புதையாது. பிளவக்கல் பாதைக்கு நான் கேட்ட வண்டியின் இலக்கணம் கிட்டத்தட்ட அதுதான்.

இங்கிலாந்தில் 1964 முதல் ரீமேப் என்ற அமைப்பு. ஓய்வுபெற்ற பொறியாளர்களும் கைத்தொழில்காரர்களும் ஒரே ஒருவருக்காக ஒரே ஒரு கருவியை இலவசமாகச் செய்து கொடுக்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் 2011இல் ரம்பத்தில் விரல்களை இழந்த தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸும், அமெரிக்காவில் பொம்மைக் கை செய்துகொண்டிருந்த இவான் ஓவனும் சேர்ந்து உருவாக்கிய விரல்கள், பிறகு முப்பரிமாண அச்சில் யாரும் வார்த்துக்கொள்ளும் இலவச வடிவமாக உலகைச் சுற்றின.

இனி நம் ஊருக்கு வருவோம். ராஜபாளையத்தில் 1936இல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா தொடங்கிய ஆலையிலிருந்து வளர்ந்த நூற்பாலைத் தொழில். ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்தே கை தேர்ந்த லேத்காரர்கள். நூலில் ஒரு பங்கு தடிமன் கூடினாலும் கண்ணால் கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி தறியாக பேண்டேஜ் துணி. செயற்கைக் கால் செய்வதன் முதல் படியே, மாவு தடவிய பேண்டேஜ் துணியை மிச்சமிருக்கும் காலில் சுற்றி அச்சு எடுப்பதுதான். துணி இங்கே நெய்யப்படுகிறது. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம். செவித்திறன் குறைந்த மாணவர்களுக்குப் பொறியியல் கற்பித்த அனுபவம் உள்ள வளாகம். சிவகாசியில் அச்சு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுகிற மெக்கானிக்குகள். இத்தனை கைகள் முப்பது நாற்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கின்றன.

எல்லாமே பெரிய பொறியியலாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கையை இழந்த பெண் எப்படி வெங்காயம் நறுக்குவார்? அரிவாள்மனைக்கு இரண்டு கை வேண்டும். ஒரு சதுரப் பலகை எடுத்து, அடியிலிருந்து மூன்று துருப்பிடிக்காத ஆணிகள் மேலே முனை தெரிகிறாற்போல் அடித்து, இரண்டு ஓரத்தில் விரற்கடை உயரத்துக்குச் சட்டம் வைத்தால் போதும். காயை ஆணியில் குத்திவைத்து ஒரே கையால் நறுக்கலாம். சட்டத்தில் தேங்காய்ச் சில்லை அண்டக்கொடுத்துக் கீறலாம். பலகையின் அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் நகராது. தச்சருக்கு அரைமணி வேலை. விரல் மடங்காதவர்களுக்கு அதே டியூபைக் கரண்டிக் காம்பில் தடிமனாகச் சுற்றிக் கொடுத்தால் பிடி கிடைக்கும். தையல் மிஷினை மிதிக்க முடியாதவருக்கு மோட்டார் வைத்து, முழங்கையாலோ தாடையாலோ அழுத்தும் ஸ்விட்ச் பொருத்தலாம். மறுநாளே வருமானம் வரும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்வம் மட்டும் இருந்தால் ஆபத்து. காலிப்பரின் விளிம்பு தப்பான இடத்தில் உரசினால் புண்; செயற்கைக் காலின் குழி சரியில்லாவிட்டால் மிச்சக் காலும் கெடும். லேத்காரருக்குப் பக்கத்தில் இயன்முறை மருத்துவரும், செயற்கை அவயவப் பயிற்சி பெற்றவரும் இருக்க வேண்டும். இவர்களுக்கு நடுவில், கருவியைப் பயன்படுத்தப் போகிறவர் உட்கார வேண்டும். ‘இங்கே இடிக்கிறது, அங்கே எட்டவில்லை’ என்று சொல்ல அவருக்கு உரிமை வேண்டும். இலவசமாகக் கொடுக்கிறோம் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போகச் சொல்லும் பழக்கம் நம் முகாம்களிலிருந்து ஒழிய வேண்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் எத்தனையோ பேரைத் தேநீர்க்கடைக்கும் எட்டாதிருந்த வேலை வாய்ப்புக்கும் கொண்டு சேர்த்திருக்கிறது. உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ மையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. சிகிச்சையும் ஆலோசனையும் ஊருக்குப் பக்கத்தில் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த மையங்களில் ஒரு வெல்டிங் செட்டும், ஒரு தையல் மிஷினும், ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரமும், உள்ளூர்த் தொழிலாளிக்கு மாதச் சம்பளமும் சேர்த்துவிட்டால் நான் கேட்கும் பட்டறை கிடைத்துவிடும். வண்டி கொடுத்த தேதியை எழுதிவைக்கும் பதிவேட்டில், ஆறு மாதம் கழித்து அந்த வண்டி ஓடுகிறதா என்று எழுத ஒரு கட்டம் இருக்க வேண்டும். பேரிங் போனதால் திண்ணையில் துணி காயப்போடும் வண்டிகள் எத்தனை என்று அப்போது தெரியும்.

பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டு புராஜெக்ட் என்று எதையோ செய்து, மதிப்பெண் வாங்கியதும் பரணில் போடுகிறார்கள். கிருஷ்ணன்கோவிலிலோ ராஜபாளையத்திலோ ஒரு துறை, இந்த ஆண்டு நான்கு மாணவர்களுக்கு ஒரு மனிதர் என்று முடிவு செய்யட்டும். வத்திராயிருப்பு, கூமாபட்டி, மம்சாபுரம், சேத்தூர் என்று ஊர் ஊராகப் போகட்டும். கணினியில் படம் வரைவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய், நாடாவைப் பிடித்து, இடுப்பகலத்தையும் நிலைப்படி உயரத்தையும் கழிப்பறைக் கதவின் உள் அகலத்தையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். மதிப்பெண்ணை, ஓராண்டு கழித்து அந்த மனிதரிடம் கேட்டுப் போடலாம்.